பக்கத்தில் கடல், பார்க்க நேரமில்லை!



ஒரு கோப்பைத் தேநீரைச் சூடு ஆறுமுன் தனியாக உட்கார்ந்து குடித்து எத்தனை நாளாயிற்று? சற்று யோசித்துப் பாருங்கள். ஸுபஹுக்கு எழும்பினால் இஷாவுக்குப் பிறகும் அடுப்படி விளக்கு அணைவதில்லை. பிள்ளைகளின் பாடசாலை, அவருடைய சாப்பாடு, மாமியின் மருந்து, வயல் வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு... பெருநாள்கூட நமக்கு விடுமுறை அல்ல. அன்றைக்குத்தான் வேலை இரட்டிப்பு!

தம்பலகாமத்திலிருந்து நிலாவெளிக் கடற்கரை சுமார் 40 கிலோமீற்றர். திருகோணமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அந்தக் கரையில் நடந்தால், எங்கோ ஐரோப்பாவிலிருந்து தனியாக வந்த ஒரு பெண் மர நிழலில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம். ஆயிரக்கணக்கான மைல் கடந்து அவள் தேடி வருகிற கடலை, பக்கத்திலேயே இருக்கும் நம்மில் எத்தனை பேர் ஆற அமரப் பார்த்திருக்கிறோம்?

அவளுடைய உடையும் பழக்கமும் நமக்கு வேண்டாம். ஆனால் அந்த ஓய்வு நமக்கும் வேண்டாமா?

வேலைக்கு என்றால் தனியே போகலாமா?

"பொம்பிளை தனியக் கடற்கரைக்குப் போறதா? ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்பார்கள். கேட்பவர்களிடம் நீங்களும் ஒன்றைக் கேளுங்கள். நமது மாவட்டத்திலிருந்து எத்தனை உம்மாமார், எத்தனை குமர்ப்பிள்ளைகள் தனியே விமானம் ஏறி மத்திய கிழக்கு வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள்! மூதூரின் மகள் ரிஸானா நபீக் 2005ஆம் ஆண்டு சவூதி அரேபியாவுக்குப் போனபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். அவர் பார்த்துக்கொண்ட குழந்தையின் மரணத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனைக்கு உள்ளானார். அந்தச் செய்தி வந்த நாளில் அழாத வீடு எது?

பிறர் வீட்டு அடுப்படிக்கு ஒரு பெண்ணைக் கடல் தாண்டித் தனியே அனுப்பும்போது மௌனமாக இருந்தவர்கள், அவள் தன் சொந்த மாவட்டத்துக் கடலை இரண்டு நாள் பார்க்கப் போகும்போது மட்டும் வாய் திறப்பது நியாயமா?

மார்க்கத்தின் கேள்வி வேறு. அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். மஹ்ரம் இன்றிப் பெண் பிரயாணம் செய்வது பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களோடு சேர்ந்து போகலாம் என்று ஷாபிஈ மத்ஹப் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் 2018 முதல் 45 வயதைக் கடந்த பெண்கள் நால்வராகச் சேர்ந்து மஹ்ரம் இன்றி ஹஜ்ஜுக்குப் போக வழி செய்யப்பட்டது. ஆனால் ஹஜ் வேறு, உல்லாசப் பயணம் வேறு என்பாரும் உண்டு. ஆகவே நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். மனம் ஒப்பாவிட்டால் மகனோ தம்பியோ அடுத்த அறையில் தங்கட்டும். கடலின் முன் நீங்கள் தனியாக இருக்கலாம் அல்லவா?

கடலை அறிந்து போங்கள்

நமக்குக் கடலென்றால் பயமும் உண்டு. 2009 வரை நீண்ட போர் கரைகளை நம்மிடமிருந்து பிரித்து வைத்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவிலும் மூதூரிலும் புகுந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. அந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. கடலின் குணத்தை அறிந்துகொண்டால் அது சற்றுக் குறையும்.

வாடைக் காற்றும் மழையும் சேரும் நவம்பர் முதல் ஜனவரி வரை நமது பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அப்போது கால் நனைக்கவும் போகாதீர்கள். கச்சான் காலம்தான் ஏற்றது. அப்போதும் சில இடங்களில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். நீந்தத் தெரியாதவர் இடுப்பளவு நீருக்கும் போகவேண்டாம். அபாயாவோடு கடலில் இறங்குவது ஆபத்து. நனைந்த துணி கனத்துக் காலைச் சுற்றும். உடலை மூடும் நீச்சல் உடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன.

நிலாவெளிக்கு அப்பால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. படகில் போகலாம். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறாதீர்கள். அங்கே தண்ணீருக்குள் தெரியும் பவளப்பாறை உயிருள்ளது. காலால் மிதித்தால் செத்துப்போகும், ஆகவே மிதிக்காதீர்கள்.

தங்குமிடத்தை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரியுங்கள். சமையல் ஹலாலா, அறைக் கதவில் உள் தாழ்ப்பாள் உண்டா, மதுச்சாலை அறைக்குப் பக்கத்திலா, உடலை மூடிய உடையோடு நீச்சல் தடாகத்தில் இறங்க விடுவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, பெண்களுக்கான உதவிக்கு 1938. இந்த மூன்று இலக்கங்களும் மனப்பாடமாக இருக்கட்டும்.

இரண்டு நாள் முடியாவிட்டால்...

எல்லோருக்கும் ஹொட்டேல் அறைக்குக் காசு இருக்காது. அப்படியானால் காலையில் போய் அஸருக்குப் பின் திரும்புங்கள். சோற்றுப் பொதியும் தண்ணீர்ப் போத்தலும் போதும். பாய் ஒன்றை விரித்து உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் வீட்டு நினைப்புத்தான் வரும். சோறு வடித்தார்களோ, சின்னவன் எங்கே போனானோ என்று மனம் அலையும். போகட்டும் என்று விடுங்கள். பிறகுதான் அலைச் சத்தம் காதில் விழத் தொடங்கும்.

நீங்கள் இல்லாத அந்த ஒரு நாளில் வீடு இடிந்து விழுந்துவிடாது. சோறு கொஞ்சம் குழையலாம், கறியில் உப்புக் கூடலாம். ஆனால் நீங்கள் தினமும் எத்தனை வேலை செய்கிறீர்கள் என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

கேட்க வெட்கமாக இருக்கிறதா? அப்படியென்றால் இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி விரித்து வையுங்கள், சகோதரியே. அடுத்த கச்சானில், இன்ஷா அல்லாஹ், உங்கள் கால் நனையட்டும்!