ஈசிஎம் மாற்றும் முன் பில்லைக் கேளுங்கள்

திருச்சி கே.கே. நகர்ப் பக்கம் திரும்பத் திரும்ப இதுதான் நடக்கிறது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. "ஈசிஎம் போயிடுச்சு சார்" என்கிறார் மெக்கானிக், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியைக் காட்டி. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய பெட்டி ஒன்று பார்சலில் வந்து இறங்குகிறது. சாக்கெட் கச்சிதமாக உட்காருகிறது. இன்ஜின் ஓரிரு நொடி உறுமிவிட்டு நின்றுபோகிறது. கொடுத்த பணத்துக்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை.

சாக்கெட் பொருந்தினால் போதாது. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டு) உள்ள வண்டியில், வந்த பெட்டி தன் பழைய வண்டியின் சாவியைத்தான் தேடும். காமன் ரெயில் டீசல் என்றால், பல மாடல்களில் இன்ஜெக்டர் தலையில் பொறித்த குறியீட்டையும் ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் புகை தள்ளும், இழுவை குறையும். புகை வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், சிறைகூட உண்டு. மாட்டிக்கொள்வது வண்டி ஓட்டுபவர்தான், மெக்கானிக் அல்ல.

ஃப்யூஸ், மெயின் ரிலே, எர்த் ஒயர் மூன்றையும் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். பிறகு இரண்டு பெட்டிகளின் ஸ்டிக்கரையும் போனில் படம் எடுங்கள். பார்ட் நம்பர், ஹார்டுவேர், சாஃப்ட்வேர் எண்கள் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். வேறுபட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்காமல் மாட்ட விடாதீர்கள்.

பில் வாங்குங்கள். அதில் அந்த எண்களும் உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரும் இருக்கட்டும். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். "தெரிஞ்ச கடை, பில் எதுக்கு?" என்பவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. அதற்கும் மசியாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பெட்டி புதுப்பேட்டையில் வாங்கியதாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த உரிமை இது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்கள் வாய்தா மேல் வாய்தா கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன், பில் வாங்குங்கள். கழற்றிய பழைய ஈசிஎம்மைக் கடையில் விட்டு வராதீர்கள். அது உண்மையிலேயே கெட்டதா என்று சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்க, அந்தப் பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும்.