மழை ஆரம்பிச்சாச்சு... மாடியிலும் வாசலிலும் இருக்கும் பூச்செடிகளுக்கு இப்போ என்ன செய்யணும்? முழு விவரம்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20. அதற்கு முன்னும் பின்னுமான இரண்டு மூன்று வாரங்கள்தான் வீட்டில் பூச்செடி வளர்ப்பவர்களுக்கு வருஷத்திலேயே முக்கியமான நேரம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? "மழைதான் பெய்யுதே, செடிக்கு இனி என்ன வேலை?" என்று மாடிக் கதவைச் சாத்திவிடுவார்கள். தை மாதம் திறந்து பார்த்தால் கனகாம்பரம் காய்ந்திருக்கும், ரோஜா குச்சியாக நிற்கும், தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் கொசுப்புழு நெளியும்.

ஆவடி, சேக்காடு, பட்டாபிராம், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பூந்தமல்லி என மேற்குப் புறநகரில் வாசலில் கொஞ்சம் மண்ணும் மேலே மொட்டை மாடியும் உள்ள வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளில் ஐப்பசி முதல் மார்கழி வரை பூச்செடிகளுக்குச் செய்ய வேண்டியவை என்னென்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்ம ஊர் 'இலையுதிர் காலம்' எது?

யூடியூபில் 'ஆட்டம் கார்டனிங்' என்று தேடினால் இலைகளை வாரிக் குவிப்பது, ட்யூலிப் கிழங்கு நடுவது, பனிக்கு முன் செடிகளை மூடுவது என்று வீடியோக்கள் வரும். அதெல்லாம் குளிர் நாட்டுக்கானது. தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம், மார்கழியும் தையும் முன்பனிக் காலம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவுக்கு மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. ஆக, இங்கே செடிக்கு எதிரி பனி இல்லை. வடியாமல் தேங்கும் தண்ணீர்தான்.

தண்ணீர் நின்றால் செடி ஏன் சாகிறது?

"தண்ணி அதிகமானா நல்லா வளராதா?" என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, காற்றும் அவ்வளவு தேவை. மண் துகள்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளி அடைபட்டு, வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகும். மூச்சுத் திணறும் வேரைப் பூஞ்சைகள் சுலபமாகத் தாக்கும். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நிற்கும் செடிகூட, தண்ணீரே இல்லாதது போல வாடித் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு மேலும் ஒரு சொம்பு ஊற்றினால் கதை முடிந்தது.

முதல் வேலை: ஓட்டை, செங்கல், மாடிக் குழாய்

உரம், மருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை இவை:

* ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் அடியில் வடிய வேண்டும். வடியவில்லை என்றால் ஓட்டையை வேர் அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.
* தொட்டியையும் குரோ பேக்கையும் நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.
* மண் கெட்டித் தட்டிப் போயிருந்தால் மேல் மண்ணைக் கொத்திவிட்டு, தேங்காய் நார்க் கழிவும் மக்கிய எருவும் கலந்துவிடலாம்.
* வாசல் மண்ணில் செடி இருந்தால், தூரைச் சுற்றி மண்ணை மேடாக அணையுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் நிற்கக் கட்டிய பாத்தியை இப்போது உடைத்துவிட வேண்டும்.
* மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் காய்ந்த இலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கடைசி விஷயத்தைச் சாதாரணமாக விடக்கூடாது. ஒரு சின்னக் கணக்கு: ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அதன் எடை 100 கிலோ. 600 சதுர அடி மாடி என்பது கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். அந்த மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் ஐந்தரை டன்னுக்கு மேல் எடை ஏறும். ஒரு கைப்பிடி இலை குழாயை அடைத்தாலே இது நடக்கும்.

தொட்டிகளின் எடையும் கூடும். ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள குரோ பேக்கில் சுமார் 20 லிட்டர் மண் பிடிக்கும். நன்றாக நனைந்தால் 25 கிலோவை எளிதில் தாண்டும். அதனால் எல்லாத் தொட்டிகளையும் மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் அல்லது பீம் வரும் ஓரங்களில் பிரித்து வைப்பது நல்லது. பழைய கட்டடம் என்றால் கூடுதல் கவனம் தேவை.

எந்தச் செடியை எப்போது வெட்டணும்?

'மழைக்காலம் வந்தா எல்லாத்தையும் வெட்டி விடு' என்பது தவறு. ஒவ்வொரு செடிக்கும் கவாத்து நேரம் வேறு.

குண்டுமல்லி: நவம்பர் கடைசி வாரம். தரையில் இருந்து ஒன்றரை அடி (45 செ.மீ.) உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். காய்ந்த, நோய் பிடித்த குச்சிகளையும் எடுத்துவிடுங்கள். "பூச்செடியை இப்படி மொட்டையடிச்சா பாவம் இல்லையா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். ஆனால் மல்லி, புதிதாக வரும் தளிரில்தான் பூக்கும். குளிர் மாதங்களில் அது எப்படியும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் கோயம்பேட்டில் மல்லி விலை ஏறுவதற்கு இந்த வரத்துக் குறைவும் ஒரு காரணம். இப்போது வெட்டினால் மாசி, பங்குனியில் கிளை கிளையாக மொட்டு வரும்.

ஜாதிமல்லி: டிசம்பர் கடைசி வாரம்.

முல்லை: ஜனவரி கடைசி வாரம் வரை பொறுக்க வேண்டும். திருமுல்லைவாயில் என்ற பெயரிலேயே முல்லை இருக்கிறது. யானையின் காலில் சுற்றிய முல்லைக் கொடியைத் தொண்டைமான் மன்னன் வாளால் வெட்டியபோது, உள்ளே இருந்த லிங்கத்தில் வெட்டு பட்டது என்பது மாசிலாமணீஸ்வரர் கோயில் தல வரலாறு. அந்த ஊர்க்காரர்கள் முல்லையை வெட்டும்போது அவசரப்படாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ரோஜா: அக்டோபர் முதல் டிசம்பருக்குள், இரண்டு மூன்று நாள் மழை விட்டிருக்கும் நேரம் பார்த்து வெட்டலாம். நன்கு வளர்ந்த கிளையைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வெட்டுவாயில் நிற்காது. வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவினால் நுனியில் இருந்து கருகி இறங்கும் நோயைத் தடுக்கலாம். ஒட்டுச் செடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுத் தளிரைக் கிள்ளிவிட மறக்காதீர்கள். அதை விட்டால், பிறகு பூவே பூக்காத முள்செடிதான் மிஞ்சும்.

செம்பருத்தி, நந்தியாவட்டை: லேசாகத் தட்டிவிட்டால் போதும். வெட்டிய செம்பருத்திப் போத்துகளைத் தூக்கிப் போடாமல் நட்டுவையுங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள இந்தச் சமயத்தில் நன்றாக வேர் பிடிக்கும்.

சாமந்தி பூக்கலையா? வராண்டா லைட்டைப் பாருங்க!

பொங்கலுக்குச் சாமந்தி வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சாமந்தி, பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். செடியைப் பொறுத்தவரை தொடர்ச்சியான இருட்டுதான் அதற்கான சிக்னல். இரவு முழுக்க எரியும் வராண்டா லைட் அல்லது தெருவிளக்கு வெளிச்சம் நேராக விழுந்தால், செடி 'இன்னும் நீண்ட பகல்தான்' என்று நினைத்து இலையாகவே வளரும். தொட்டியை இருட்டான மூலைக்கு நகர்த்திப் பாருங்கள். மொட்டு வந்த பிறகு நேரடி மழை படாமல் சன்ஷேடுக்குக் கீழே வைத்தால் பூ அழுகாது.

செண்டுமல்லி, கோழிக்கொண்டை நாற்றுகளை இப்போதே விட்டு, மழை குறைந்ததும் எடுத்து நடலாம். டிசம்பர் பூவுக்கு எந்தக் கவலையும் வேண்டாம். பெயருக்கு ஏற்ற மாதத்தில் தானாகப் பூத்துவிடும். அடினியம் வளர்ப்பவர்கள் மட்டும் அதை முதல் ஆளாக உள்ளே கொண்டுவர வேண்டும். அதன் பருத்த அடித்தண்டு தொடர் மழையில் அழுகிவிடும்.

உரம் போடலாமா, வேண்டாமா?

பெருமழை எச்சரிக்கை இருக்கும்போது போடும் உரம் காசைக் கரைப்பதற்குச் சமம். குறிப்பாக யூரியா போன்ற தழைச்சத்து உரங்கள் மழைநீரோடு கரைந்து ஓட்டை வழியாகப் போய்விடும். மழைக்குப் பிறகு இலை வெளிறி மஞ்சளாவதற்கு இப்படிச் சத்து கரைந்து போவதும் ஒரு காரணம்.

மல்லிக்குக் கவாத்து செய்த பிறகு, மழை இடைவெளியில், தூரைச் சுற்றி மக்கிய எரு இரண்டு கைப்பிடியும் வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடியும் கொடுக்கலாம். ரோஜா இலையில் கரும்புள்ளி தெரிந்தால் அந்த இலைகளை உடனே கிள்ளி, குப்பையில் போடுங்கள். தொட்டி மண்ணிலேயே உதிர விட்டால் அடுத்த மழைச் சாரலில் நோய் மேலே தெறிக்கும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மழை இல்லாத மாலையில் தெளிக்கலாம்.

தோட்டம் அழகுதான்... டெங்கு வேண்டாமே!

செடிகளைவிட வீட்டில் உள்ளவர்களைப் பாதிக்கக்கூடிய விஷயம் இது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிட வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரைத்தான் அதிகம் தேடும். முட்டையில் இருந்து கொசுவாகப் பறக்க அதற்குச் சுமார் 7 முதல் 10 நாள் போதும். கடிப்பதும் பகலில்.

பூந்தோட்டத்தில் அது ஒளியும் இடங்கள்: தொட்டித் தட்டு, அடுக்கி வைத்த காலித் தொட்டி, பூவாளி, செடிக்கு முட்டுக் கொடுத்த மூங்கிலின் திறந்த வாய், மணி பிளான்ட் பாட்டில், அல்லி வளர்க்கும் தொட்டி.

வாரத்தில் ஒரு நாள், உதாரணமாக ஞாயிறு காலை, 10 நிமிடம் ஒதுக்கி இவற்றைக் காலி செய்தால் கொசுவின் சுழற்சி அறுந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏனென்றால் ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். மழைக்காலம் முடியும் வரை தட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவது இன்னும் நல்லது. அல்லித் தொட்டியில் கப்பி மீன் விடலாம். மூங்கில் வாயில் மண்ணை அடைத்துவிடலாம்.

வீட்டில் யாருக்காவது திடீர்க் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். ஆலோசனைக்கு அரசின் 104 எண்ணை அழைக்கலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மணிக்கு 100 கி.மீ.-க்கு மேல் காற்று வீசி, ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உட்பட மேற்குப் புறநகரின் பல பகுதிகளில் வெள்ளம் தேங்கியது. அதனால் எச்சரிக்கை வந்த அன்றே செய்ய வேண்டியவை:

* கைப்பிடிச் சுவர் மேல் உள்ள தொட்டிகளை முதலில் இறக்குங்கள். மேலே இருந்து விழும் ஒரு தொட்டி, தெருவில் போகிறவரின் உயிருக்கே ஆபத்து.
* தொங்கும் தொட்டிகளைக் கழற்றித் தரையில் வையுங்கள்.
* பச்சை நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள். காற்று பிடித்தால் அது பாய்மரம் மாதிரி கம்பத்தையே பிடுங்கும்.
* உயரமான செடிகளைச் சுவரோரம் படுக்க வைக்கலாம்.
* மழை அடிக்கும்போது மாடியில் மின் மோட்டாரையோ ஈரமான சுவிட்சையோ தொடவே கூடாது.

வெள்ளம் வடிந்த பிறகு தொட்டியைச் சாய்த்து வைத்தால் உள்ளே தேங்கிய நீர் வேகமாக இறங்கும். மண் கைக்கு உதிரும் அளவு காயும் வரை தண்ணீரும் வேண்டாம், உரமும் வேண்டாம். சேறு படிந்த இலைகளை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். புதுத் தளிர் கண்ட பிறகு எரு போட ஆரம்பிக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* அக்டோபர்: ஓட்டை, செங்கல், மாடிக் குழாய், ரோஜா கவாத்து, செண்டுமல்லி நாற்று.
* நவம்பர்: வாராந்திரக் கொசுச் சோதனை, நோய் இலை அகற்றல், கடைசி வாரம் குண்டுமல்லி கவாத்து.
* டிசம்பர்: புயல் முன்னெச்சரிக்கை, கடைசி வாரம் ஜாதிமல்லி கவாத்து, நாற்று நடவு.
* ஜனவரி: முல்லை கவாத்து, பொங்கல் சாமந்திப் பறிப்பு.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு கத்தரிக்கோல், ஒரு கம்பி, நாலு செங்கல், வாரம் 10 நிமிடம். அதைக் கொடுத்தால், பங்குனி வெயில் ஏறும்போது வாசல் மல்லிக்கொடியில் முழம் கணக்கில் பறிக்கலாம்.