அவதார உருவப்படம்

அவதார உருவப்படம் என்பது, கணினிவழி மெய்நிகர் உலகம் ஒன்றில் பயனரைக் குறிக்கும் உருவத்தை அவ்வுலகத்துக்குள்ளேயே படம் பிடித்து, திருத்தி, அவருடைய தன்விவரப் பக்கத்தில் இடும் படம் ஆகும். பயனரைக் குறிக்கும் இவ்வுருவம் அவதாரம் எனப்படுகிறது. செக்கண்ட் லைஃப், ஐஎம்வியூ, விஆர்சாட் போன்ற மெய்நிகர் உலகங்களில் ஒருவரை முதன்முதலாக அறிந்துகொள்வோர் பெரும்பாலும் இப்படத்தையே காண்கின்றனர்.

இப்படத்தை எடுக்க உண்மையான வில்லையோ ஒளியோ பயன்படுவதில்லை. கணினி கணக்கிட்டு வரையும் முப்பரிமாணக் காட்சியின் ஒரு கணம் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. ஆயினும் ஒளியின் திசை, பார்வைக் கோணம், நிற்கும் நிலை, பின்புலம் ஆகியவை பற்றிய ஒளிப்படக்கலையின் விதிகள் இதற்கும் பொருந்தும். ஒளிப்பட நிலையத்துக்குச் செல்பவர் தம் முகத்தைக் கொண்டு செல்கிறார். படம் எடுப்பவர் ஒளியையும் கோணத்தையும் தெரிவு செய்கிறார். மெய்நிகர் உலகில் முகமும் தெரிவு செய்யப்படுவதே. எனவே இப்படம் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதைவிட, எப்படி அடையாளம் காணப்பட விரும்புகிறார் என்பதையே காட்டுகிறது. வாழும் அல்லது மறைந்த ஒருவரின் சாயலில் அவதாரம் அமைக்கப்படும்போது, அவரது அடையாளத்தைப் பிறர் தெரிவு செய்வதாகிவிடுகிறது.

பெயரும் வரலாறும்

அவதாரம் என்னும் வடமொழிச் சொல்லுக்கு இறங்கி வருதல் என்பது பொருள். இறைவன் உருவெடுத்து மண்ணுலகுக்கு வருவதைக் குறித்த இச்சொல், 1985இல் வெளிவந்த அல்ட்டிமா வரிசையின் நான்காவது கணினி விளையாட்டின் தலைப்பில் இடம்பெற்றது. லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் 1986இல் கொமடோர் 64 கணினிக்காக உருவாக்கிய ஹாபிட்டாட் என்னும் இணைப்புவழி உலகில் பயனரின் திரை உருவத்துக்கு இப்பெயர் வழங்கியது. அவ்வுருவங்கள் தட்டையான சிறு படங்களே. எனினும் பயனர்கள் தம் உருவத்தின் தலையை மாற்றிக்கொள்ள முடிந்தது. நீல் ஸ்டீவன்சன் 1992இல் எழுதிய ஸ்னோ கிராஷ் என்னும் புதினம் அவதாரம், மெட்டாவர்ஸ் ஆகிய இரு சொற்களையும் பரவலாக்கியது.

சான் பிரான்சிஸ்கோ நகரின் லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டு சூன் 23 அன்று செக்கண்ட் லைஃப் உலகைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அதில் உடல், தோல், முடி, உடை ஆகிய அனைத்தையும் பயனர்களே உருவாக்கவும் விற்கவும் முடிந்ததால், அவதாரத்தைப் படம் எடுப்பது தனிக் கலையாக வளர்ந்தது. ஈவா மாத்தெசு, ஃபிராங்கோ மாத்தெசு ஆகிய இரு கலைஞர்கள் செக்கண்ட் லைஃப் அவதாரங்களின் முகப்படங்களைத் தொகுத்து 2006இல் அவ்வுலகத்துக்குள்ளும் பின்னர் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைத்தனர். ஒளிப்படக் கலைஞர் ராபி கூப்பர் 2007இல் வெளியிட்ட நூலில், பயனரின் உண்மைப் படமும் அவரது அவதாரத்தின் படமும் அருகருகே இடம்பெற்றன. சிலர் தம்மைப் போன்ற அவதாரத்தையும், சிலர் தம்மிலிருந்து முற்றிலும் மாறுபட்டதையும் தெரிவு செய்திருப்பதை அந்நூலில் காணலாம்.

அதே 2007ஆம் ஆண்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ஆகிய ஆய்வாளர்கள், உயரமான அவதாரம் அளிக்கப்பட்டவர்கள் பேரம் பேசும்போது கூடுதல் துணிவு காட்டியதாகப் பதிவு செய்தனர். தான் அணிந்த உருவத்துக்கேற்ப ஒருவரின் நடத்தை மாறுவது புரோட்டியஸ் விளைவு எனப்படுகிறது.

படம் எடுக்கும் முறை

கீழ்க்காணும் விளக்கம் செக்கண்ட் லைஃபை அடிப்படையாகக் கொண்டது. பிற மெய்நிகர் உலகங்களில் கருவிகளின் பெயரும் இடமும் மாறுபடும். கொள்கை பெரும்பாலும் ஒன்றே.

ஆயத்தம்: மெய்நிகர் உலகின் காட்சிகள் வழங்கியிலிருந்து சிறிது சிறிதாக வந்து சேர்கின்றன. அவை முழுமையாக வருவதற்குள் படம் எடுத்தால் உடையும் தோலும் சாம்பல் நிறமாகவோ மங்கலாகவோ பதிவாகும். வரைவியல் தரத்தைத் தற்காலிகமாக உயர்த்தி, நிழல்களை இயங்கச் செய்து, காட்சி தெளிவாகும்வரை காத்திருப்பது முதற்படியாகும். வேகம் குறைந்த கணினியில் காட்சி தடுமாறக்கூடும். படம் எடுத்தபின் பழைய தரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நிலை: அவதாரம் இயல்பாக அசைந்துகொண்டே இருக்கும். அதை ஒரே நிலையில் நிறுத்துவதற்கென அசைவை நிறுத்தும் மேடைகள் உள்ளன. முழங்கையும் முழங்காலும் மிகுதியாக மடங்கும் நிலைகளில் உருவத்தின் பரப்பு நெளிந்து, உடை உடலுக்குள் புகுந்து தெரியும். ஆகையால் எளிய நிலைகளே நல்ல பயன் தரும். அவதாரத்தின் தலையும் கண்களும் சுட்டியின் இருப்பிடத்தைப் பின்தொடர்பவை. படமெடுக்கும் பொத்தானைத் தேடிச் சுட்டி திரையின் ஓரத்துக்குச் சென்றால், கண்களும் அத்திசையில் திரும்பிவிடும். பல படங்களில் பார்வை எங்கோ விலகியிருப்பதற்கு இதுவே காரணம். விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் ஆகிய விசைகளை ஒருசேர அழுத்திப் படமெடுக்கும் சாளரத்தைத் திறந்தால் இக்குறையைத் தவிர்க்கலாம்.

கோணம்: ஆல்ட் விசையை அழுத்தியபடி சுட்டியை நகர்த்தினால், அவதாரம் நின்ற இடத்திலேயே நிற்க, பார்வைக் கோணம் மட்டும் மாறும். அகன்ற பார்வையில் அருகிலிருந்து எடுக்கும் முகப்படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் ஒடுங்கியும் தோன்றும். கண்ட்ரோல் விசையுடன் சுழியத்தை அழுத்திப் பார்வைப் புலத்தைக் குறுக்கி, சற்றுத் தள்ளி நின்று எடுத்தால் முகம் இயல்பான அளவில் அமையும். ஒளிப்படக் கலைஞர்கள் முகப்படத்துக்கு நீண்ட குவியத் தூரமுள்ள வில்லையைப் பயன்படுத்துவது இதற்கு ஒப்பானது. கண்ட்ரோல் விசையுடன் 9ஐ அழுத்தினால் பார்வைப் புலம் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஒளி: செக்கண்ட் லைஃபில் இயல்பாக அமைந்த ஒரு நாளின் நீளம் நான்கு மணி நேரமாகும். ஆனால் தன் திரையில் மட்டும் கதிரவனை விரும்பிய இடத்தில் நிறுத்திவைக்கப் பயனரால் முடியும். உச்சி ஒளியில் கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் ஒளி முகத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும். 2000களில் பலர் தம் அவதாரத்தின் முகத்துக்கு முன்னே சிறு விளக்குகளைப் பொருத்திக்கொண்டனர். அவை முகத்தை வெளிறச் செய்து தட்டையாக்கிவிடும். அருகில் நிற்கும் பிறர் மீதும் அவ்வொளி படரும்.

திருத்தும் முறை

திருத்தத்தில் முதன்மையான கொள்கை, உலகத்துக்குள்ளேயே சரிசெய்யக்கூடிய குறையைப் படத் திருத்தத்துக்கு விட்டுவைக்கக் கூடாது என்பதாகும். தவறான ஒளியில் எடுத்த படத்தைப் பின்னர் வெளிச்சமாக்கலாம். நிழலின் திசையை மாற்றுவது கடினம்.

படத்தைத் தேவையான அளவைவிடப் பெரிதாகச் சேமித்து, திருத்தி முடித்தபின் சிறிதாக்க வேண்டும். அவ்வாறு சிறிதாக்கும்போது பல படப்புள்ளிகள் ஒன்றாகக் கலப்பதால், தோள், முடி ஆகியவற்றின் விளிம்பில் தோன்றும் படிக்கட்டு போன்ற வெட்டுகள் மறைகின்றன. திருத்தம் முடியும்வரை பிஎன்ஜி போன்ற இழப்பற்ற வடிவத்தில் கோப்பைச் சேமிப்பது நல்லது; ஜேபெக் வடிவத்தில் மீண்டும் மீண்டும் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் படத்தின் நுட்பம் சிறிது இழக்கப்படுகிறது.

கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணிக்குப் போதுமானது. மூலப்படத்தைத் தொடாமல் அதன்மேல் அடுக்குகளாகத் திருத்தங்களைச் செய்யலாம். பொதுவாக ஒளி அளவைச் சீராக்குதல், உடைந்த மூட்டுகளை அருகிலுள்ள பரப்பின் படியால் மூடுதல், முடியின் ஓரங்களைத் தூரிகையால் வரைந்து நிரப்புதல், இறுதியாகச் சிறிது கூர்மையூட்டல் என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. அவதாரத்தின் முடி பெரும்பாலும் ஒளிபுகும் படலங்களால் ஆனது. நீர், கண்ணாடி போன்ற மற்றொரு ஒளிபுகும் பரப்பு பின்னால் இருந்தால், எது முன்னே உள்ளது என்பதைக் கணினி தவறாகக் கணித்து முடியின் ஒரு பகுதியை மறைத்துவிடும். அவதாரத்தைச் சற்று இடம் மாற்றி நிறுத்தினால் இக்குறையைத் திருத்தமின்றியே தவிர்க்கலாம்.

செக்கண்ட் லைஃபில் இழையமைப்பாக ஏற்றப்படும் படத்தின் அகலமும் உயரமும் 256, 512, 1024 போன்று இரண்டின் அடுக்குகளாக மாற்றப்படுகின்றன. அது காட்டப்படும் சட்டம் வேறு விகிதத்தில் இருந்தால் முகம் அகன்றோ நீண்டோ தோன்றும். எனவே சட்டத்தின் விகிதத்தை முன்னரே அறிந்து படத்தை வெட்டிக்கொள்ள வேண்டும்.

பின்புலம் இணைத்தல்: ஓர் எடுத்துக்காட்டு

அவதாரத்தை ஒரே நிறமுள்ள பலகையின் முன் நிறுத்திப் படம் எடுத்து, அந்நிறத்தை நீக்கி, உண்மை இடம் ஒன்றின் ஒளிப்படத்தோடு இணைப்பதும் வழக்கத்தில் உள்ளது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கடப்பாக்கத்தின் அருகில் அமைந்த ஆலம்பரைக் கோட்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட இக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தபோது, 1760இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. எஞ்சிய மதில்கள் கடலையும் உப்பங்கழியையும் நோக்கி நிற்கின்றன.

இங்கு கடல் கிழக்கே உள்ளது. காலையில் கடற்புறத்திலிருந்து மதிலை நோக்கி எடுத்த படத்தில், எடுப்பவரின் முதுகுப்புறத்திலிருந்து ஒளி வந்து செங்கல்லின் சிவப்பை முழுமையாகக் காட்டும். அதே இடத்தில் மாலையில் எடுத்தால் மதில் இருண்டு, அதன் விளிம்பு மட்டும் ஒளிரும். காலைப் படத்தோடு இணைக்கப்போகும் அவதாரத்துக்கு முன்புறத் தாழ்ந்த ஒளியும், மாலைப் படத்துக்குப் பின்புற ஒளியும் மெய்நிகர் உலகிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். கடப்பாக்கம் ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகத்துப் பிற்பகுதியிலும் நண்பகல் கதிரவன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கும். அந்நேரப் படத்தில் மதிலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அங்கு நிற்கும் அவதாரத்துக்கு நீண்ட நிழல் இருந்தால், காரணம் அறியாதவருக்கும் படம் பொய்யாகத் தோன்றும்.

அடிவானத்தின் உயரமும் பொருந்த வேண்டும். ஒளிப்படக்கருவி கண்ணின் உயரத்தில் இருந்து, நிலமும் சமமாக இருந்தால், எடுப்பவரின் உயரமுள்ள அனைவரின் கண்களும் அடிவானக் கோட்டிலேயே அமையும். இக்கோட்டைக் கொண்டு அவதாரத்தின் அளவைத் தீர்மானிக்கலாம். ஏழடி உயர அவதாரங்கள் மெய்நிகர் உலகில் இயல்பாகத் தோன்றினாலும், உண்மையான மதிலின் அருகே நிறுத்தும்போது அவற்றின் மிகை உயரம் வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டில்

ஒளிப்பட நிலையங்களில் வரைந்த திரைச்சீலையின் முன் அமர்ந்து படம் எடுத்துக்கொள்வதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும், முகத்தின் குறைகளை டச்சப் செய்து நீக்குவதும் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழக்கில் இருந்தவை. மறைந்த பெற்றோரின் படத்தை மாலையிட்டு வீட்டில் வைத்து, திருமணத்தின்போது அதன்முன் வணங்கி வாழ்த்துப் பெறுவதும் வழக்கம்.

இவ்வழக்கத்தின் புதிய வடிவம் ஒன்று 2022இல் காணப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் அவ்வாண்டு பெப்ரவரி 6 அன்று திருமணம் செய்துகொண்ட இணையர், அதனைத் தொடர்ந்து மெய்நிகர் உலகில் வரவேற்பு நிகழ்ச்சியை நடத்தினர். ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டை போன்ற அரங்கில் மணமக்களும் விருந்தினரும் அவதாரங்களாகக் கலந்துகொண்டனர். 2021இல் காலமான மணமகளின் தந்தைக்கும் ஓர் அவதாரம் அமைக்கப்பட்டு, அது மணமக்களை வாழ்த்துவதாக நிகழ்ச்சி வடிவமைக்கப்பட்டது. இந்நிகழ்ச்சி இந்திய நாளிதழ்களிலும் வெளிநாட்டு ஊடகங்களிலும் செய்தியானது.

சுவரில் உள்ள படத்துக்கும் இத்தகைய அவதாரத்துக்கும் முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. பழைய படம் அவர் உயிரோடு இருந்த ஒரு கணத்தின் பதிவு. அவதாரம் அவர் ஒருபோதும் நிற்காத இடத்தில் நிற்கவும், செய்யாத அசைவைச் செய்யவும் வல்லது. மனிதரை மிகவும் ஒத்திருந்தும் முழுமையாக ஒவ்வாத உருவம் பார்ப்பவருக்கு ஒருவித மன விலக்கத்தைத் தரும் என்று சப்பானியப் பொறியியலாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். நெருங்கியவர்களுக்கு அந்தச் சிறு ஒவ்வாமையும் உடனே புலப்படும். எனவே இத்தகைய உருவங்களில் முகச்சுருக்கம், நரை, மூக்குக்கண்ணாடி போன்ற அடையாளங்களைத் திருத்தி அழகாக்குவது பயன் தராது. அவரை அடையாளம் காட்டுபவை அவையே.

உரிமையும் ஒழுங்கும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, கணினியால் உருவாக்கப்படும் கலைப்படைப்பின் ஆக்கியோன் அதனை உருவாகச் செய்தவரே. ஆயினும் அவதாரம் அணிந்துள்ள உடை, தோல், முடி ஆகியவை பிற பயனர்களின் படைப்புகளாக இருக்கலாம். மெய்நிகர் உலகை நடத்தும் நிறுவனத்தின் விதிகளும், படம் எடுக்கும் நிலத்தின் உரிமையாளர் விதித்த நிபந்தனைகளும் பின்பற்றப்பட வேண்டியவை. பின்புலத்துக்குப் பிறர் எடுத்த ஒளிப்படத்தைப் பயன்படுத்தும்போது அதன் உரிமத்தை அறிந்துகொள்வது இன்றியமையாதது. படைப்பாக்கப் பொதுமங்களின் உரிமங்களில் பெரும்பாலானவை எடுத்தவரின் பெயரைக் குறிப்பிடுமாறு கோருகின்றன.

உயிரோடுள்ள ஒருவரின் முகச்சாயலில் அவதாரம் அமைத்துத் தன்விவரப் படமாக இடுவதற்கு முன் அவரது இசைவைப் பெறுவதும், மறைந்தவர் என்றால் குடும்பத்தாரின் இசைவைப் பெறுவதும் நல்லொழுங்காகும். படத்தைக் காண்போர் அதனை அவரது சொந்தப் படமாகவே கொள்வர். அது தவறெனில் மறுத்துரைக்க மறைந்தவரால் இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

மெய்நிகர் உலகம்
செக்கண்ட் லைஃப்
கிம்ப்
ஒளிப்படவியல்
ஆலம்பரைக் கோட்டை