வானத்துக்கும் ஒரு காஷன் ஆர்டர்

பிள்ளைகளைப் பைலட் பயிற்சிக்கு அனுப்பும் ஆசை இப்போது நம் குடும்பங்களிலும் வந்துவிட்டது. கட்டணம் எவ்வளவு, பள்ளி எந்த ஊரில் என்று விசாரிக்கும் பெற்றோர், சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாகக் கிளம்பும் பிள்ளை அன்றைய வானிலையை எப்படித் தெரிந்துகொள்கிறான் என்று கேட்பதில்லை. முதலில் கேட்கவேண்டியது அதுதான்.

ரயில் புறப்படுமுன் டிரைவரிடம் காஷன் ஆர்டர் கொடுப்போம். எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு வேகம் என்று அதில் இருக்கும். விமானிக்கு அப்படி இரண்டு உண்டு. 'மெட்டார்' என்பது விமான நிலையத்தில் அந்த நேரத்தில் கண்டதும் அளந்ததும்; அரை மணிக்கு ஒன்று வரும். 'டாஃப்' என்பது வரப்போகும் மணி நேரங்களுக்கான முன்னறிவிப்பு. பெரிய நிலையங்களுக்கு 30 மணி நேரம் வரை சொல்வார்கள்.

இரண்டும் சங்கேத மொழியில் இருக்கும். தந்திக் காலத்துச் சிக்கனம்! உதாரணத்துக்கு ஒரு மழைநாள் மெட்டார்: வி.ஓ.சி.ஐ. 150230 இசட் 26014 கே.டி. 3000 ஆர்.ஏ. பி.கே.என். 012 25/24 க்யூ 1009.

வி.ஓ.சி.ஐ. என்றால் நெடும்பாசேரி. 15ஆம் தேதி, கிரீன்விச் நேரம் 2.30, ஐந்தரை மணி கூட்டினால் நமக்குக் காலை 8. காற்று 260 டிகிரியிலிருந்து, அதாவது ஏறக்குறைய மேற்கிலிருந்து, 14 நாட் வேகத்தில் வீசுகிறது. அங்கே ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால், காற்றுக்கு எதிர்முகமாக மேற்கு நோக்கி இறங்கலாம். பார்வைத் தூரம் 3000 மீட்டர். ஆர்.ஏ. என்பது மழை. பி.கே.என். என்றால் வானத்தை எட்டுப் பங்காக்கினால் ஐந்து முதல் ஏழு பங்கு மேகம்; அதன் அடிப்பாகம் 1200 அடி உயரத்தில். வெப்பம் 25, பனிநிலை 24. இந்த இரண்டு எண்களும் நெருங்கினால் மூடுபனிக்கும் தாழ்ந்த மேகத்துக்கும் இடமுண்டு. கடைசி எண் காற்றழுத்தம். உயரமானியை இதற்குத்தான் திருப்பி வைப்பார்கள். ஒரு புள்ளி பிசகினால் உயரம் சுமார் 27 அடி தப்பாகக் காட்டும்.

இப்போது முடிவு. கண்ணால் பார்த்து ஓட்டும் விமானிக்கு விமான நிலைய எல்லைக்குள் 5 கிலோமீட்டர் பார்வையும் 1500 அடிக்கு மேல் மேகக் கூரையும் வேண்டும். மேலே சொன்னதில் இரண்டுமே இல்லை. பையன் அன்று வீட்டில் இருக்கவேண்டும்.

1999இல் நெடும்பாசேரி நிலையம் வரும்வரை பயணிகள் விமானங்கள் நம் மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவில்தான் இறங்கின. ஜன்னலைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். நெடும்பாசேரியோ சாலை வழியே 30 கிலோமீட்டருக்கு மேல். இங்கே கொட்டும்போது அங்கே வெயில் அடிக்கலாம். இடவப்பாதி மழையாவது நாள்முழுதும் பெய்து எச்சரிக்கும். துலாவர்ஷம் அப்படியல்ல, காலையில் பளிச்சென்று இருந்துவிட்டு மாலையில் இடியுடன் கவிழும். டாஃபில் 'டெம்போ' என்று வந்தால் இப்படி விட்டுவிட்டு வரும் மாற்றம், ஒவ்வொரு தடவையும் ஒரு மணிக்குள் அடங்குவது. சின்ன விமானத்துக்கு அந்த ஒரு மணியே போதும்.

பெரிய விமானமும் தப்பாது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கரிப்பூரில் மழையில், பின்காற்றோடு இறங்கிய துபாய் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். நடைமுறை விதிகளைப் பின்பற்றாததே காரணமாக இருக்கவேண்டும் என்று விசாரணை அறிக்கை சொன்னது. காற்று எந்தப் பக்கம் என்பது விமானிக்குச் சொல்லப்பட்டுத்தான் இருந்தது.

இவை ரகசியமல்ல. விமானிகளுக்கு இந்திய வானிலைத் துறை இணையம் வழியாகவும் தருகிறது. மற்றவர்கள் அமெரிக்க அரசின் விமான வானிலைத் தளத்தில் அந்த நாலு எழுத்தைத் தட்டினால் மெட்டாரும் டாஃபும் இலவசமாகக் கிடைக்கும். கோயம்புத்தூருக்கு வி.ஓ.சி.பி. என்று தட்டுங்கள். இங்கே மழை இறங்கவிடாதபோது பல விமானங்கள் அங்கேதான் திரும்புகின்றன. ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் காற்று நெருக்கிக்கொண்டு பாயும். சிறு விமானம் அங்கே குலுங்கும். ஆகவே மலைக்கு இரு பக்கத்து அறிக்கையையும் பார்த்துவிட்டுத்தான் பெட்ரோல் கணக்குப் போடவேண்டும்.