சல்லடை அல்ல செல் சவ்வு

"செல் சவ்வு சல்லடை போன்றது, சிறியதை உள்ளே விடும், பெரியதைத் தடுக்கும்." இந்த உவமையைச் சொல்லாத அறிவியல் ஆசிரியர் நம்மில் குறைவு. சொல்வது எளிது, மாணவருக்கும் உடனே பிடிபடும். ஆனால் மேல் வகுப்பில் அயனிகளின் கடத்தல் வரும்போது அதே உவமை காலை வாரிவிடுகிறது. சோடியம் அயனி மிகச் சிறியது. தனித்துச் சவ்வைக் கடக்க அதனால் ஏறக்குறைய இயலாது. ஈஸ்ட்ரோஜன் மூலக்கூறு அதைவிடப் பல மடங்கு பெரியது. எளிதாக உள்ளே போய்விடுகிறது. எந்தச் சல்லடையில் இப்படி நடக்கும்?

விடை பாஸ்போலிப்பிடில் இருக்கிறது. அதன் பாஸ்பேட் தலை நீரை நாடும். இரண்டு கொழுப்பு அமில வால்களும் நீரை விட்டு விலகும். செல்லுக்கு உள்ளேயும் நீர், வெளியேயும் நீர். எனவே தலைகள் இரு பக்கமும் நீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று நோக்கி மறைந்துகொள்கின்றன. சவ்வின் மொத்தத் தடிமன் 7 முதல் 8 நானோமீட்டர். நோட்டுத் தாள் ஒன்றின் தடிமனுக்குள் பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கலாம். இவ்வளவு மெல்லியதானாலும் நடுவில் இருப்பது எண்ணெய் அடுக்கு. ஆகவே "எவ்வளவு பெரியவன்?" என்பதைவிட "எண்ணெயில் கரைவாயா?" என்பதே சவ்வு முதலில் கேட்கும் கேள்வி. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் தடையின்றிக் கடக்கும். மின்சுமை கொண்ட அயனிகளுக்கும், நீரோடு ஒட்டி உறவாடும் குளுக்கோசுக்கும் புரதங்கள்தாம் வாசல்.

இரட்டை அடுக்கு என்பதை 1925-இல் நெதர்லாந்தின் கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் முன்வைத்தனர். உட்சவ்வுகள் இல்லாத இரத்தச் சிவப்பணுக்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கொழுப்பைப் பிரித்து நீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினர். அணுக்களின் புறப்பரப்பைப் போல் இரு மடங்கு வந்தது. கொழுப்பையும் முழுமையாகப் பிரிக்கவில்லை, பரப்பையும் குறைவாகவே கணக்கிட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்ட, முடிவு சரியாகிவிட்டது! புரதங்கள் அந்த அடுக்கில் மிதக்கின்றன என்னும் திரவ மொசைக் மாதிரியைச் சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் தந்தனர்.

இதை வகுப்பறையில் காட்ட ஒரு பீட்ரூட் போதும். தோல் சீவி, ஒரே அளவான துண்டுகளாக்கி, நீர் நிறமின்றி வடியும்வரை கழுவுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. கத்தி பட்டு உடைந்த செல்களின் நிறமே முதலில் வெளிவரும், சோதனை குழம்பிவிடும். பிறகு மூன்று டம்ளர்கள்: சாதாரண நீர், 70 டிகிரி செல்சியஸ் அளவில் சூடான நீர், ஸ்பிரிட். (ஸ்பிரிட் அருகே தீ கூடாது.) இருபது நிமிடத்தில் முதல் டம்ளர் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும், மற்ற இரண்டும் சிவந்திருக்கும். வெப்பம் சவ்வின் புரதங்களைச் சிதைத்தது. ஸ்பிரிட் கொழுப்பு அடுக்கைக் குலைத்தது.

முக்கியமான கேள்வி இதற்குப் பிறகுதான். சூடான நீரில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். வடிவம் அப்படியே இருக்கிறது. அதாவது செல்சுவர் இன்னும் நிற்கிறது. பிறகு நிறமி எப்படி வெளியேறியது? தடித்த, உறுதியான சுவர்தான் காவல் என்று பெரும்பாலான மாணவர்கள் நினைத்திருப்பார்கள். செல்லுலோஸ் சுவரின் இடைவெளிகள் பீட்டாலைன் நிறமிக்குத் தாராளம். இதுவரை அதைத் தடுத்து வைத்திருந்தவை வாக்குவோலின் சவ்வும் செல் சவ்வும்தான்.

வினிகரில் ஊறவைத்த முட்டையைப் பலரும் செல் சவ்வுக்குச் சான்றாகக் காட்டுகிறோம். சவ்வூடு பரவலுக்கு அது நல்ல சோதனை. ஆனால் ஓட்டின் கீழுள்ள அந்தத் தோல் புரத இழைகளால் பின்னப்பட்ட உயிரற்ற உறை. அதில் பாஸ்போலிப்பிடு இரட்டை அடுக்கு இல்லை. சல்லடை என்ற எண்ணத்தை அதுவே வலுப்படுத்திவிடுவதால், பீட்ரூட்டுக்குப் பின் அதைச் செய்வது நல்லது என்பது என் கருத்து.

சவ்வுப் புரதம் உயிர் காப்பதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சிறுகுடல் செல்களின் சவ்வில் உள்ள ஒரு கடத்திப் புரதம், இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். ஒன்று இல்லாமல் மற்றொன்று இந்த வழியில் போகாது. இரண்டும் போனால் சவ்வூடு பரவலால் நீரும் பின்தொடரும். காலரா நச்சு உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்டச் செய்தாலும், இந்தப் புரதத்தின் வேலை நிற்பதில்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதிகள் முகாமில் நரம்புவழித் திரவம் தட்டுப்பட்டபோது, மருத்துவர் திலீப் மஹாலனோபிஸ் நம்பிக் கொடுத்தது இந்தக் கரைசலைத்தான். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் 4-க்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. குழந்தை குடிக்கட்டும் என்று சர்க்கரையை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேளுங்கள். "இன்னும் நல்லது" என்ற பதில் கட்டாயம் வரும். உறிஞ்சப்படாமல் மிஞ்சும் சர்க்கரை குடலில் செறிவைக் கூட்ட, நீர் எதிர்த்திசையில் உடலிலிருந்து குடலுக்குள் வரும், வயிற்றுப்போக்கு அதிகமாகும். சவ்வூடு பரவல் படத்தில் அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது என்று அப்போது மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.