ஈர மண்ணில் செடி வாடியது ஏன்?

(பத்தாம் வகுப்பு மாணவி)



கோடை விடுமுறை நமக்குக் கொண்டாட்டம். தொட்டிச் செடிகளுக்கோ சோதனை! சென்ற மே மாதம் இரண்டு தொட்டிகளில் தக்காளி நாற்று நட்டேன். ஒன்றில் ஆற்று மணல், மற்றதில் குளத்துக் களிமண். ஒரு வாரம் பாட்டி வீட்டிற்குப் போய்த் திரும்பினால், இரண்டும் வாடிக் கிடந்தன. மணல் காய்ந்திருந்தது, காரணம் புரிந்தது. களிமண்ணைக் கிளறினால் உள்ளே ஈரம்! பிறகு ஏன் வாடியது?

விடை மண்ணின் துளைகளில் இருக்கிறது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர் ஏறும். துளை சிறுக்கச் சிறுக்க நீரின் மேல் அதன் பிடி இறுகுகிறது. மணலின் பெரிய துளைகளிலிருந்து நீர் வடிந்துவிடும். களிமண்ணின் நுண்துளைகளோ, வேர் எவ்வளவு இழுத்தாலும் கடைசி நீரை விடுவதில்லை.

எண்ணற்ற இத்துளைகளை எப்படிக் கணக்கிடுவது? ஒரு தாளில் சதுரம் வரையுங்கள். அதை 9 சம கட்டங்களாக்கி, நடுக் கட்டத்தை வெட்டி எடுங்கள். மீதி 8 கட்டங்களிலும் அவ்வாறே செய்யுங்கள். துளைகள் 1, 8, 64, 512 எனப் பெருகும். ஒவ்வொரு முறையும் அகலம் மூன்றிலொன்றாகக் குறையும். போலந்துக் கணித மேதை சியர்பின்ஸ்கி 1916-இல் விளக்கிய உருவம் இது. பகுதியும் முழுமையும் ஒரே சாயலில் அமைந்த இத்தகைய உருவங்களுக்கு 1975-இல் மாண்டல்பிராட் 'ஃபிராக்டல்' என்று பெயரிட்டார்.

1990-இல் டைலர், வீட்கிராஃப்ட் என்னும் அறிவியலார் மண்ணையும் இவ்வுருவத்தைப் போலக் கருதிக் கணக்கிட்டனர். மண் காயும்போது பெரிய துளைகள் முதலில் வெறுமையாகும்; பிறகு அடுத்த அளவு; கடைசியில் நுண்துளைகள். எந்த அளவில் எத்தனை துளைகள் என்ற விதி தெரிந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சும் நீரைக் கணக்கிடலாம். நம் தாளில் வெட்டிக்கொண்டே போகலாம். மண்ணில் துளைகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே இது மண்ணின் நிழற்படமன்று, ஒரு மாதிரியே.

இதைப் படித்தபின் மணலையும் களிமண்ணையும் மட்கிய தொழுவுரத்தோடு கலந்து மறுபடி நாற்று நட்டேன். பெரிய துளைகள் காற்றுக்கு, நடுத்தரத் துளைகள் வேருக்கு வேண்டிய நீருக்கு. இன்று அச்செடி காய்த்திருக்கிறது!

தோழியரே, சேர்த்து வைப்பது மட்டும் போதாது. கேட்கும்போது கொடுக்கவும் வேண்டும். மண் எனக்குக் கற்பித்த பாடம் இது.