வேப்பிலைச் சாறும் கவிழ்த்த மங்கும்

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் வட்டாரத்திலுள்ள பைராம் தோட்டமாயினும், வேறு எந்தத் தோட்டமாயினும், நம் மக்கள் வாழுமிடத்தில் இரு காட்சிகள் நமக்குப் பழக்கமானவை. ஒன்று, வீட்டின் பின்புறத்துக் கத்தரி, வெண்டி, மிளகாய்ச் செடிகள். மற்றொன்று, கோயிலடியில் நிழல் பரப்பும் வேப்பமரம். அம்மரத்தைக் கொண்டு இச்செடிகளைக் காக்கும் முறையை இங்கு விளக்குகிறோம்.

செடியில் அசுவினியோ புழுவோ கண்டதும், தோட்டத்து நஞ்சு மருந்தைச் சிறு போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. பெயர்ச்சீட்டு இல்லாத அப்போத்தல் குழந்தையின் கைக்கு எட்டினால் என்ன நேரும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாலைவன வெட்டுக்கிளி வேம்பை உண்ணாது. அதன் காரணத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், 1968ஆம் ஆண்டில் வேப்பங்கொட்டையிலிருந்து ‘அசாடிராக்டின்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இது பூச்சியை உடனே கொல்வதில்லை. உண்ண விடாமல் தடுத்து, தோலுரித்து வளர்வதையும் குலைக்கிறது. கொட்டையில் இப்பொருள் மிகுதி, இலையில் குறைவு. ஆகவே இலைச்சாற்றைப் பயன்படுத்துவோருக்குப் பொறுமை தேவை.

செய்முறை எளிது. ஒரு கிலோ பச்சை வேப்பிலையை நன்கு இடித்து, 5 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் துணியில் வடிகட்டி, மூடி நிழலில் வையுங்கள். மாலையில் சிறிதளவு சவர்க்காரம் கரைத்துத் தெளியுங்கள். சவர்க்காரம் சேர்த்தால் சாறு இலையில் நன்கு ஒட்டும். வெயில் அதன் வலிமையைக் குறைத்துவிடுமாதலால் மாலை நேரமே ஏற்றது. இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். வாரம் ஒருமுறையும், கனமழைக்குப் பின்னரும் மீண்டும் தெளிக்கலாம். காய்களைக் கழுவிய பின்னரே சமையுங்கள்.

இலையும் வேரும் இயற்கைப் பொருள்கள் என்பதால் எல்லாம் தீங்கற்றவை என்று எண்ணிவிடலாகாது. புகையிலைச் சாற்றிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் புகும் நஞ்சாகும். மலாயாவின் காய்கறித் தோட்டக்காரர்கள் முன்பு பயன்படுத்திய தூபா வேர், ஓடையில் கலந்தால் மீன்களை மாய்த்துவிடும். இவ்விரண்டையும் வீட்டில் தயாரிக்க வேண்டாம்.

இனி, கொசுவைப் பற்றிச் சில சொற்கள். வேப்பிலைப் புகை போட்டால் டிங்கிக் காய்ச்சல் வராது என்று நம்புவது தவறு. புகை கொசுவைச் சிறிது நேரம் விலக்கலாம். தேங்கிய நீரிலுள்ள புழுக்களை அது அழிக்காது. மேலும், ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதன் தொல்லை மிகுதி. பால் வெட்டுவோர் நிரையில் நிற்பதும் காலை வேளையில்தானே!

நம் நாட்டில் கடுமையான இரத்தப்போக்கு டிங்கி முதன்முதலில் அறியப்பட்டது 1962ஆம் ஆண்டில், இதே பினாங்கில்தான் என்பதை நினைவிற் கொள்வோம். மழைநீர் தேங்கிய பால் மங்கு ஒன்று போதும், ஏடிஸ் முட்டையிட. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும். எனவே வெட்டு நடவாத நாட்களில் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள டின், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றை வாரந்தோறும் கவனியுங்கள். கொசு பெருக இடமளிப்பது, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

காய்ச்சல் கண்டால் இலை வைத்தியம் செய்து காலம் கடத்தாமல் உடனே அரசாங்க மருந்தகத்திற்குச் செல்லுங்கள். காய்ச்சல் தணிந்த பின்னும் வயிற்றுவலி, வாந்தி, இரத்தக் கசிவு தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

செடிக்கு வேப்பிலைச் சாறு, கொசுவுக்குக் கவிழ்த்த மங்கு, காய்ச்சலுக்கு மருத்துவர். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது என்பதை உணர்ந்து, நம் குடும்பங்களைக் காப்போமாக.